ஊர் என்ற சொல்லுக்கு ஒரு மறுப்பு

ஜூன் 3

மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் பார்க்கிறவன் காலையில் வருகிறேன் என்றான். எந்தக் காலை என்று கேட்காமல் விட்டது என் தப்பு. கீழேயிருந்து குடம் தூக்கியதில் முட்டி பிடித்துக்கொண்டது. இந்த லட்சணத்தில் நொண்டி நொண்டி ஆபீஸ் போய்ச் சேர்ந்தால், புது நிர்வாகி தளவாய் சிரித்த முகத்தோடு வாசலில் நிற்கிறார். ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

உட்கார வைத்துச் சொன்னேன். இது சொற்பிறப்பு அகராதி. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் வெள்ளை அட்டையில் எழுதுவார். இன்னொருவர் அதை மறுத்து ரோஸ் அட்டையில் எழுத வேண்டும். முதலாமவர் அதே ரோஸ் அட்டையின் கீழ்ப்பாதியில் பதில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் அச்சு. இந்த அகராதியைத் தொடங்கியவர் வக்கீலாக இருந்தவர். எதிர்த்தரப்பு பேசாத வழக்கில் வந்த தீர்ப்பை நம்ப மாட்டேன் என்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. புன்னைவனம் அண்ணாச்சி எழுதினால் நான் மறுப்பேன். நான் எழுதினால் அவர் மறுப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்தது இப்படித்தான்.

இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் தளவாய். அப்படி ஒன்று நடந்ததில்லை என்றேன்.

மறுப்பில்லாமல் போகிற அட்டைகளும் உண்டு, இறந்தவர்களுடையவை. பதில் சொல்ல ஆளில்லாதவர் மேல் வழக்குப் போடுவது அநியாயம் என்பது அந்த வக்கீலின் கட்சி. எங்களோடு எழுதிவந்து போன வருடம் காலமான அருளப்பன் சாரின் மிச்ச அட்டைகள் இன்று என் மேசைக்கு வந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ‘மறுப்பு இல்லை’ என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி அட்டைகளில் தப்பு. கை துறுதுறுவென்றது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுத் தளவாயிடம் சொன்னார்.

"பாத்தீயளா தம்பி, செத்தாத்தான் இந்த அம்மாகிட்ட இருந்து ஒரு அட்டை தப்பிக்கும்."

தளவாய் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

ஜூன் 10

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொகுதிக்குப் பெயர் ‘ஊரும் அரணும்’. நகரத்துக்கும் கோட்டைக்கும் பழைய மொழிகளில் என்னென்ன சொற்கள், அவை எங்கிருந்து முளைத்தன, நம் சொற்களோடு உறவா இல்லையா. இறையியல் கல்லூரியில் எபிரேயமும் கிரேக்கமும் நடத்தி ஓய்ந்தவள் என்பதால் வெளிமொழிப் பக்கம் என் பொறுப்பு. தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பதால் தமிழ்ப் பக்கம் அண்ணாச்சியுடையது. எல்லையைத் தாண்டாமல் இருந்தால் அவர் புன்னைவனம் இல்லையே.

இன்று காலை முழுக்க வேலிச் சண்டை. உலகத்தில் நகரத்தைக் குறிக்கிற சொல்லெல்லாம் வேலியிலோ மதிலிலோதான் பிறந்தது என்கிறார். ஆங்கிலேயனின் டவுனுக்கு ஜெர்மன்காரனிடம் பொருள் வேலி. ரஷ்யனின் கோரத் என்பதும் அடைத்துக் கட்டிய இடம். சீனத்தில் மதிலுக்கும் நகரத்துக்கும் ஒரே எழுத்து. நாம் தினமும் பாளையங்கோட்டையில் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறோம், கோட்டையை விட்டு வேலிக்குள் போகிறோம் என்று அவருக்கு அதில் ஒரே குதூகலம். உங்களுக்கு ஒத்துவருகிறதை மட்டும் பொறுக்கி எடுத்து மாலை கட்டுகிறீர்கள், பாரசீகனின் ஷஹர் ஆட்சியைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். அதை ரோஸ் அட்டையில் எழுதுங்க என்றார். எழுதினேன், இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

மத்தியானத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்துக் கொண்டுபோயிருந்தேன். வழக்கமாக என் டிபன் காரியரின் இரண்டாவது அடுக்கைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். இன்று மூடியைத் திறந்து மணம் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிட்டார். வயிறு சரியில்லையாம். அவருக்காக ஒன்றும் நான் சமைப்பதில்லை, கொஞ்சம் கூடச் செய்துவிடுகிறேன், அவ்வளவுதான். அவர் சைவம் என்றாலும், ஆபீஸ் நாட்களில் நான் மீன் எடுக்காதது பாத்திரம் கழுவுகிற சோம்பலால்தான். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன்.

ஜூன் 18

முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. அண்ணாச்சி ஆபீஸ் வரவில்லை.

ஜூன் 25

வந்தார். கண் மஞ்சளாக இருந்தது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தனியாக நின்றது. காமாலை என்றார். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்களாம், உப்பு இல்லாமல் சாப்பிடச் சொல்லிக் கோமதி உயிரை எடுக்கிறாராம். கோமதி அவர் மனைவி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், மகன் ரிப்போர்ட் வாங்கப் போயிருக்கிறான் என்றார். காமாலைக்கு எதற்கு மதுரை வரை போக வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அருளப்பன் சாரின் அட்டைகள் முடிந்தன.

ஜூலை 4

கோமதி வந்திருந்தார். இத்தனை வருடத்தில் என் வீட்டுப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காராமல் சமையல்கட்டு வாசலில் நின்றே பேசினார். காமாலை இல்லையாம். கணையத்தில் கட்டி. ஈரல் வரைக்கும் பரவிவிட்டதாம். வெட்டி எடுக்க வழியில்லை, சில மாதங்கள் என்று டாக்டர் மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் புனேயிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டோடு இருக்கிறான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனியில் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

"அவுகளுக்குத் தெரியவே கூடாதுக்கா. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாக. அவுக அப்பா அப்படித்தான் போனாக."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் போடுத சண்டைய மட்டும் நிப்பாட்டி வையுங்க. மனசு நோகப்படாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. வீட்ல நாங்க யாரும் அவுகள எதுத்து ஒரு சொல்லு சொல்லுததில்ல."

சத்தியம் கேட்டார். சத்தியம் செய்வது எங்கள் சபையில் வழக்கம் இல்லை, சரி என்றால் சரிதான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து முருங்கைமரத்தடியில் தீப்பந்தம் பிடித்துக் கம்பளிப்பூச்சி முழுவதையும் பொசுக்கினேன். பக்கத்து வீட்டம்மாள் புகை தாங்காமல் ஜன்னலைச் சாத்தினார்.

வயிற்றெரிச்சல் தீரவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

ஜூலை 12

அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வடை வேண்டும் என்றார், வந்தது. டாக்டர் எண்ணெய் ஆகாது என்றாரே என்று அவரே ஞாபகப்படுத்தியும், ஒன்றிரண்டு தின்னால் ஒன்றும் செய்யாது என்றார் கோமதி. அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடியை அவர் கைக்கெட்டாத இடத்தில் ஒளித்து வைத்து ஆண்ட பெண்மணி. மகனிடம் அவன் கம்பெனியைப் பற்றி அண்ணாச்சி ஏதோ கிண்டல் செய்தார். வேறு நாளாக இருந்தால் அப்பனும் மகனும் வீட்டை இரண்டாக்கியிருப்பார்கள். "சரிப்பா, நீங்க சொல்லுததுதான் சரி" என்றான் பையன்.

பிறகு என் பக்கம் திரும்பி, கார்த்தேஜ் என்ற பெயருக்கே புது நகரம் என்றுதானே பொருள், அந்த கார்த்தும் நம் கோட்டையும் ஒன்றாக இருக்குமோ என்றார். அது ஃபினீசியச் சொல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலமும் கிடையாது, சின்னப் பிள்ளை கூட ஒத்துக்கொள்ளாது. நான் கோமதியைப் பார்த்தேன்.

"இருக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வடைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெயில் ரொம்ப என்றார்.

ஜூலை 21

மகன் கையில் ஒரு வெள்ளை அட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறார். ‘ஊர்’. தொகுதிக்கே தலைச்சொல், இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தார்.

படித்ததும் தலை சுற்றியது. தமிழின் ஊர்தான் உலகத்து நகரங்களுக்கெல்லாம் தாய் என்று எழுதியிருக்கிறார். சுமேரியரின் உரு, எபிரேயரின் ஈர், ரோமரின் ஊர்ப்ஸ், ஆபிரகாம் விட்டுப் புறப்பட்ட, ஊர் என்றே பெயருள்ள அந்தச் சுமேரிய நகரம், எல்லாமே ஒரே குடும்பமாம். காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் உறவு என்று முடிவு கட்டுவது எங்கள் தொழிலில் அரிச்சுவடித் தப்பு. சுமேரிய மொழியில் நகரத்துக்கு உரு என்று சொல் உண்டு, சரி. ஆனால் அந்த ஊர் நகரத்தை அதன் ஆட்கள் உரிம் என்று அழைத்தார்கள், அது வேறு சொல். ரோமரின் சொல்லுக்கு மூலம் எது என்று அந்த மொழிக்காரர்களுக்கே இன்னும் தீரவில்லை. இது அவருக்குத் தெரியாததா? இதே சங்கதியை முன்பு ஒருவர் எழுதி அனுப்பியபோது கிழித்துத் தோரணம் கட்டியவர் இவர். அந்த மனிதர் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

நோய் புத்திக்கும் ஏறிவிட்டதா என்று பயமாக இருக்கிறது. கையெழுத்து மட்டும் முன்னைப்போலவே திருத்தமாக இருக்கிறது.

ஜூலை 23

மறுப்பு எழுத உட்கார்ந்தேன். உரிம் என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

தளவாய் அந்த வெள்ளை அட்டையைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோய்விட்டார். அகராதிக்குப் பணம் போடுகிற டிரஸ்ட்காரர்களுக்கு இப்படி ஒன்றுதான் வேண்டுமாம். வெளியீட்டு விழாவுக்குப் பத்திரிகைக்காரர்கள் தானாக வருவார்களாம். இதைப் போய் மறுக்கப் போகிறீர்களா என்று கேட்டார். இவர் மகிழ்ந்ததற்காகவே மறுக்க வேண்டும்போல் இருந்தது.

ஜூலை 24

எழுதிவிட்டேன். வெள்ளை அட்டையின் அடியிலேயே, ‘மறுப்பு இல்லை’. பச்சை மை, கையெழுத்து, தேதி. அண்ணாச்சி பார்வைக்கு ஒரு தடவை போய் வரட்டும் என்று தளவாய் அதை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

கோமதியிடம் சரி என்றேன். சரி என்றால் சரிதான். அண்ணாச்சி எழுதியது அவர் ஆசைப்படி அச்சில் வரட்டும், கண்குளிரப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு பொய்யான அட்டையால் உலகம் முழுகிவிடாது.

பிரிட்ஜைச் சுத்தம் செய்தேன். அடித்தட்டில் வெண்டைக்காய் அழுகிக் கிடந்தது.

ஜூலை 28

அண்ணாச்சி வரச் சொல்லி ஆள் விட்டிருந்தார். போனேன். மகனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, கோமதியைக் கோயிலுக்குப் போய்த் தன் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அவர் எப்போதும் சாமியைக் கேலி செய்து பேசுகிறவர் என்பதால் கோமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சாய்வு நாற்காலியில் இருந்தார். மடியில் அந்த அட்டை.

"இது உங்க கையெழுத்துதான?"

ஆமாம் என்றேன்.

"அந்த நகரத்துக்குப் பேரு உரிம். எனக்குச் சொன்னதே நீங்கதான்."

மறந்துவிட்டேன் என்றேன். அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன மாசம் சொல்லிருக்காங்க?"

‘மறுப்பு இல்லை’ என்று எந்த அட்டையில் நான் எழுதுவேன், இதுவரை யார் யார் அட்டையில் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அருளப்பன் சாரின் அட்டைகளில் எழுதினேன், அதே பச்சை மையில், அதே இடத்தில், இவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே. இத்தனை வருடத்தில் உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் எழுதியதில்லை. கோமதிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய சாவை நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். இப்படி ஒரு மடத்தனத்தை வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

"வீட்ல கேட்டா காமாலைம்பாங்க. உங்ககிட்ட நேரா கேட்டா நீங்களும் காமாலைம்பீய. அதான் அட்டைகிட்ட கேட்டேன்."

தெரிந்தேதான் அத்தனை தப்பும் எழுதியிருக்கிறார். என் கண்ணில் படாமல் தப்பவே முடியாத தப்புகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எழுதியிருக்கிறார். நான் மறுத்து எழுதியிருந்தால் காமாலை என்றே நம்பியிருப்பாராம். அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்ததாம். மகன் வாயே திறப்பதில்லை, கோமதி வடை சுட்டுக் கொடுக்கிறாள், நீங்களும் கார்த்தும் கோட்டையும் ஒன்றாக இருக்கலாம் என்றீர்கள், அன்றைக்கே பாதி தெரிந்துவிட்டது என்றார்.

அழுதேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அவர் முன்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"என்னையும் அருளப்பனோட சேத்துட்டீயளே லேயாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

பிறகு, அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், ரோஸ் அட்டை கையில் இருக்கிறதா என்று கேட்டார். பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"மறுப்ப எழுதுங்க. நான் இருக்கும்போதே எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கோமதி விபூதிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது நான் உரிம் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன், அண்ணாச்சி குறுக்கே குறுக்கே பேசிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக் கோமதிக்குப் புரிந்துவிட்டது. விபூதியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 29

கோமதி போனில் கூப்பிட்டுத் திட்டினார். நம்பினேனே அக்கா, எங்க குடும்பத்துக் காரியத்துல ஏன் கை வச்சீங்க என்றார். நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும்தான். ஆனால் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மோட்டார்க்காரன் வந்தான். பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஆகஸ்ட் 8

கோமதி கதவைத் திறந்தார், வாங்க என்று சொல்லவில்லை. நானாகவே உள்ளே போனேன்.

வெள்ளை அட்டைகள் வரிசையாகத் தயாராக இருந்தன. அண்ணாச்சி தன் அப்பாவைப்போலப் படுத்துவிடுவார் என்று பயந்தார்களே, மனிதர் எழுந்து உட்கார்ந்து எயில், அரண், மதில் என்று ஒவ்வொன்றாக எழுதித் தள்ளுகிறார். எயிலுக்கு அம்பு எய்கிற இடம் என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. அதை ஏற்கக் கூடாது என்று நான், ஏற்கலாம் என்று அவர். சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. புரம் என்ற சொல்லை, நகரத்தைக் குறிக்கிற கிரேக்கரின் ‘போலிஸ்’ என்ற சொல்லோடு சேர்ப்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. அதனால் அதை அவர் அரை நிமிஷத்தில் தள்ளிவைத்துவிட்டார்.

கோமதி கரண்டியோடு வந்து நின்றார்.

"மெதுவாப் பேசுங்க ரெண்டு பேரும். தெருவே கேக்கு."

அப்போது அவர் கண், அண்ணாச்சி துண்டுக்கடியில் ஒளித்து வைத்திருந்த ஊறுகாய்க் கிண்ணத்தில் விழுந்தது. பிடித்துக்கொண்டார். வயசுக்கேத்த புத்தி இருக்கா, உப்பு ஆகாதுன்னு எத்தன தடவ சொல்லுதது என்று ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் அவர் செய்த திருட்டுத்தனம் வரை இழுத்து, மூச்சு வாங்குகிற வரை திட்டினார். அந்த வீட்டில் இத்தனை வாரத்தில் அவருக்குக் கிடைத்த முதல் திட்டு. அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

புறப்படும்போது கோமதி காபி கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20

அண்ணாச்சி அந்தப் பொய் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டார். ‘ஊர்’ என்ற சொல்லுக்குப் புதிதாக எழுத வேண்டும். இன்று முழுவதும் அதே பேச்சு. படுத்துக்கொண்டேதான் பேசினார்.

எல்லாச் சொல்லிலும் ஒரு வேலியோ மதிலோ மேடோ இருக்கிறது, இந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு கல்லும் இல்லையே என்று அவருக்கு ஆற்றாமை. மதில் வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். ஊர் சிரிக்கும் என்கிறோம், ஊர் கூடித் தேர் இழுத்தது என்கிறோம். சிரிப்பதும் இழுப்பதும் மதிலா? ஆட்கள்தானே. ஆட்களுக்கு வைத்த பெயராகவே முதலில் இருந்திருக்கக் கூடாதா?

"சான்று?" என்றார் உடனே.

இல்லை என்றேன். இல்லாததை எழுதக் கூடாது என்று எனக்கே பாடம் நடத்தினார். நடத்தட்டும்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

"ஊரு பேசும்ங்கீயளே. இத்தன வருஷத்துல உங்களையும் என்னையும் பேசலையா?"

"பேசிருக்கும் அண்ணாச்சி. நமக்குச் சண்டை போடவே நேரம் பத்தல."

கோமதி பக்கத்தில்தான் உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் காதுல விழத்தான் செஞ்சுது என்றார், தலை நிமிராமல். அண்ணாச்சி சிரித்தார். எனக்குக் காது சூடேறிவிட்டது. எதற்கு ஏற வேண்டும்? சும்மா வெயில்தான்.

செப்டம்பர் 2

அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல கோமதி எழுதுகிறார். கோட்டை அட்டைக்கு என் மறுப்பும் அவர் பதிலும் முடிந்தன. நடுவில் கோமதி எழுதுவதை நிறுத்திவிட்டு, அவுக சொல்லுதது எனக்கே சரியாப் படலியே என்றார். அப்படியானால் நீயும் ஒரு ரோஸ் அட்டை எடுத்துக்கோ என்று குரலே எழும்பாமல் சொன்னார் அண்ணாச்சி.

செப்டம்பர் 9

பேச்சு குறைந்துவிட்டது. நான் படித்துக் காட்டினேன். தப்பாகப் படித்த ஓர் இடத்தில் விரலை ஆட்டினார். வேண்டுமென்றேதான் தப்பாகப் படித்தேன்.

செப்டம்பர் 15

காலையில் அண்ணாச்சி போய்விட்டார்.

செப்டம்பர் 16

கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, இவங்க யாரு என்று கேட்டாள். கோமதி கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அவுக கூட வேல பாத்தவங்க, சொந்தம் மாதிரி என்றார். என்னைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 24

மீன்காரி ஊளி மீன் கொண்டுவந்தாள். ஆபீஸ் நாள்தான். இனி எடுக்கலாமே, யார் கேட்கப் போகிறார்கள் என்று வாங்கிவிட்டேன். குழம்பு வைத்து, சாப்பிடப் பிடிக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 6

தளவாய் ஒரு ஜவுளிக்கடைப் பையில் அண்ணாச்சியின் மிச்ச அட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கோமதி கொடுத்து அனுப்பியவை. தொகுதி அச்சுக்குப் போக வேண்டுமாம், இன்றைக்கே மறுப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது, அதுதானே வழக்கம் என்றார். நான் சொல்லிக்கொடுத்த வழக்கத்தை எனக்கே சொல்கிறார்.

எழுதினேன். பாழி, இஞ்சி, புரிசை, எல்லாம் கோட்டைக்கும் மதிலுக்கும் பழைய பெயர்கள். ஒவ்வொன்றிலும் பச்சை மையில், மறுப்பு இல்லை, மறுப்பு இல்லை. கடைசியில் இருந்தது ஊர்.

கோமதியின் எழுத்து, குண்டு குண்டாக. முதல் வரியில் சொல். அடுத்து பொருள். அதற்கடுத்து, ‘மூலம் தெரியவில்லை’. அவ்வளவுதான். மற்ற அட்டைகளெல்லாம் பின்பக்கம் வரை நிரம்பியிருக்க, இந்த அட்டையின் மிச்சம் முழுக்க வெறுமையாக இருந்தது.

இத்தனை வருடத்தில் அந்த இரண்டு சொல்லை அவர் எழுதி நான் பார்த்ததில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ ரோஸ் அட்டைகளில் நான் கெஞ்சியிருக்கிறேன், ஏசியிருக்கிறேன். ஒருநாளும் அசைந்து கொடுத்ததில்லை. இப்போது, நான் மறுத்துச் சொல்ல முடியாத நேரம் பார்த்து, ஒப்புக்கொண்டு விட்டுப் போயிருக்கிறார். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. அவர் போன அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மேசை டிராயரைத் திறந்து ரோஸ் அட்டை ஒன்றை எடுத்தேன். தளவாய் பதறிப்போய்விட்டார்.

"மேடம், இறந்தவங்க அட்டைக்கு நாம எழுதுறதில்லையே. இதுல மறுக்கறதுக்கும் ஒண்ணும் இல்லையே."

இருக்கிறது என்றேன். எழுதினேன்: ‘மறுக்கிறேன். தெரியவில்லை என்று எழுதிவிட்டு எழுந்து போகிற ஆள் இவர் இல்லை. சான்று போதவில்லை என்றால் இன்னும் தேட வேண்டும். ஊர் என்பது முதலில் மனிதர்களைக் குறித்ததா, இடத்தையா என்பதற்கு இவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.’ கையெழுத்தும் தேதியும் போட்டேன். மை காய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தளவாய் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். கீழ்ப்பாதியில் என்ன போடுவது, அச்சகத்தில் கேட்பார்களே என்றார். கோமதிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"விட்ராதீங்கக்கா. எழுதட்டும்" என்றார்.

‘பதில்’ என்ற தலைப்பை மட்டும் போட்டு, அடியில் இடம் விட்டு அடிக்கச் சொல்லிவிட்டேன்.